முன்னே போன பெட்டி

பாதைகளும் வண்டிகளும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை இப்போது பல்கலைக்கழகங்களில் ஒரு துறையாகவே படிப்பிக்கிறார்கள். அந்தத் துறை நூல்கள் சிலவற்றை வாங்கிப் படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அக்கா பினாங்குக்குப் புறப்பட்ட நாள்தான் நினைவுக்கு வரும். வருடத்தை உறுதியாக எழுதத் துணியேன். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன், ஓர் ஆவணி மாதம். புதன்கிழமை என்பதில் மட்டும் ஐயமில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

அத்தானுக்கு மலாயாவில் ரயில்வே உத்தியோகம். கலியாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் அவருக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு கிடைத்தது. பயணத்தை வகுக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ், அங்கிருந்து மாலை மெயில் ரயில், மதவாச்சியில் மாறித் தலைமன்னார், இராமேஸ்வரத்துக் கரைக்குச் சின்னக் கப்பல், மறுபடி ரயிலில் நாகபட்டினம், அங்கே பெரிய கப்பல். மாலை மெயில் தவறினால் பெரிய கப்பலும் தவறும். அடுத்த கப்பல் எப்போது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

மெயிலுக்குப் பொருந்திய பஸ் மத்தியானம் வருவது. காலை பஸ்ஸில் போகலாம்தான்; மத்தியானச் சோறு கொடுக்காமல் அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. ஐயா என் திட்டத்தை முழுவதும் கேட்டார்.

"எல்லாம் சரி. புதன் மத்தியானம் ராகுகாலமெல்லோ?"

"ராகுகாலம் பாத்து மெயில் நிக்காது, ஐயா."

"மெயில் நிக்காது. என்ரை பிள்ளை நிப்பாள்."

இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை. பிறகு ஐயாவே வழி கண்டார். பயணம் போகிறவரின் பொருள் ஒன்றை நல்ல நேரத்தில் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு குடையோ சேலையோ போதும். ஐயா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. புதன் காலையில் அக்காவின் தகரப் பெட்டியையே கொண்டுபோய், பஸ் நிற்கும் இடத்து வைரவர் கோயில் வாசலில் வைத்துக் கற்பூரமும் கொளுத்திவிட்டு வந்தார். அந்த வாசலில் வைத்ததை ஊரில் எவரும் தொடமாட்டார்கள். "பினாங்கு" என்று பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்ற்றால் பெரிதாக எழுதியவன் நான்.

சாப்பிட்டுவிட்டு நாங்கள் வந்தபோது பெட்டி இல்லை. கற்பூரம் எரிந்த கறுப்பு மட்டும் இருந்தது. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, பெட்டியை அனுப்பிப்போட்டு ஆக்கள் இப்பதான் வாறியளோ? காலமை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

"ஆர் ஏத்தச் சொன்னது?" என்றார் ஐயா.

"பினாங்கு எண்டு எழுதிக் கிடக்கு, கொண்டக்டர் பாவம் பாத்து ஏத்தினவன். வெள்ளை எழுத்து அவ்வளவு வடிவு."

ஐயா என்னைப் பார்த்தார். நான் வைரவரைப் பார்த்தேன். அம்மா மெல்ல, "கப்பல் டிக்கெட் பெட்டிக்குள்ளை," என்றார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெட்டி போய் அவரோடை குடும்பம் நடத்தட்டும். நான் இஞ்சை நிக்கிறன்," என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

மத்தியான பஸ் வந்தது. ராகுகாலம் நடந்துகொண்டிருந்தது. ஐயாதான் அக்காவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "கெதியா ஏறு பிள்ளை," என்றார். யாழ்ப்பாணம் வரை துணைக்கு நான் போனேன்; மெயிலிலிருந்து பினாங்கு போகும் வேறொரு குடும்பம் துணை. வழியில் மரமில்லாத வல்லை வெளியில் காற்று பஸ்ஸின் கன்வஸ் திரையை அடித்துக்கொண்டே வந்தது. உப்பு மணத்தது. அக்கா வெளியைப் பார்க்காமல், எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் கூரையையும் பார்த்தாள்.

யாழ்ப்பாணத்தில் பஸ் நிற்கும் இடத்தில் பெட்டி இல்லை. "ஸ்ரேசனிலை பாருங்கோ," என்றார்கள். ஓடினோம். மெயில் மேடைக்கு வந்து நின்றிருந்தது. நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில், எங்கள் பெட்டியின் மேல், சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு போர்ட்டர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இது எங்கடை பெட்டி," என்றேன் மூச்சு வாங்க.

"அப்பிடியோ? ஆளில்லாத பெட்டி பினாங்கு போய் என்ன செய்யப்போகுது எண்டு, ஏறவிடாமல் மேலை இருந்தனான். ஏன் தங்கச்சி, உங்களுக்குப் பெட்டியோடை கோவமோ?"

அக்கா அவ்விடத்திலேயே பெட்டியைத் திறந்தாள். டிக்கெட் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. எடுத்துத் தலைப்பில் முடிந்தாள். போர்ட்டர் பெட்டியை ஏற்றினார். நான் அக்காவை ஏற்றினேன். மெயில் அசைந்தபோது அவள் யன்னலால் தலையை நீட்டி, "ஐயாவோடை சண்டை பிடியாதை, தம்பி," என்றாள்.

அந்த நிலையத்தில் பிறகு எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். நிலக்கரிப் புகையும் வெற்றிலையும் சேர்ந்த அன்றைய மணம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பயணங்களைப் பற்றி நான் இவ்வளவு படித்ததும் அதைத் தேடித்தான் போலும்.

அன்று திரும்பி வந்து ஊரில் பஸ்ஸால் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஐயா வைரவர் கோயில் வாசலிலேயே இருந்தார். தேநீர்க் கடைக்காரர் கொடுத்த தேநீர் பக்கத்தில் குடிக்காமல் ஆறிக் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"பெட்டி ஏறிச்சுதோ?"

"ஓம் ஐயா. ரெண்டும் ஏறிச்சுது."

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம்.