எலிகளுக்குப் பந்தி வஞ்சனை

"ஏ புள்ள, எலிக்குத் தண்ணி வைக்கவா இம்புட்டுப் படிப்பு?"

நான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த அன்று ஆமத்தூர் அத்தை கேட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. "ஆமாத்தே, அதுக்கும் படிக்கணும்" என்றேன் மிடுக்காக.

அது எவ்வளவு உண்மை என்று சமீபத்தில்தான் உறைத்தது.

கதை என் அப்பாவின் கால் கட்டைவிரலில் தொடங்குகிறது. அப்பாவுக்குத் திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. யூரிக் ஆசிட் கூடினால் விரல் தக்காளி மாதிரி வீங்கிவிடும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரோ வேறு வைத்தியம் சொன்னார்.

"மினரல் ஏத்துன தண்ணிண்ணே! குடிச்சுக்கிட்டே இருங்க, யூரிக் ஆசிட் கரைஞ்சு ஓடிரும்."

அப்பா கேனைப் பிடித்துக்கொண்டார், மாத்திரையை விட்டுவிட்டார். வந்த கோபத்தில் அந்தத் தண்ணீரையே என் ஆய்வுப் பொருளாக்கினேன்.

ஏற்பாடு எளிமையானது. யூரிக் ஆசிட் ஏற்றப்பட்ட எலிகள், கூண்டு அலமாரியின் இரண்டு தட்டுகளில். மேல் தட்டுக்கு மினரல் தண்ணீர். கீழ்த் தட்டுக்குச் சாதா போர் தண்ணீர். எந்தத் தட்டில் யூரிக் ஆசிட் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பாட்டில்களில் 'மினரல்', 'சாதா' என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன். எலிகளைக் கவனிக்கும் பாக்கியக்கா, தீப்பெட்டி ஆபீஸில் பல வருடம் குச்சி அடுக்கிவிட்டு எங்கள் கல்லூரிக்கு வந்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆங்கிலத்தில் ஒட்டினால் பாவம், குழம்பிவிடுவாரே! என் பொறுப்புணர்ச்சியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாவது வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். இரண்டு தட்டுக்கும் வித்தியாசமே இல்லை. தண்ணீரில் ஒன்றுமில்லை... நான் நினைத்தது அப்படியே!

ஆய்வு முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆனால் நான் காத்திருப்பேனா? அன்று மாலையே வீட்டில் அறிவித்தேன். "எலியே சொல்லிருச்சுப்பா. மாத்திரையப் போடுங்க."

அப்பா மறுபேச்சில்லாமல் போட்டார். வீட்டில் என் சொல் எடுபட்ட முதல் நாள் அது. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தைகூடத் தலையாட்டினார் என்றால் பாருங்களேன்!

நான்கு நாள் கழித்து, வழக்கத்துக்கு மாறாக முதல் பஸ்ஸிலேயே கல்லூரிக்குப் போய்விட்டேன். பாக்கியக்கா மினரல் கேனைச் சரித்து, கீழ்த் தட்டு பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யக்கா! அது சாதா!"

"தெரியும்மா. அதான் எழுதி ஒட்டியிருக்கீகள்ல."

"பெறகு?"

"ஒரே எடத்துல உக்கார வச்சு, மேல இருக்கிறதுக்கு நல்ல தண்ணி, கீழ இருக்கிறதுக்கு உப்புத் தண்ணியா? பந்தி வஞ்சனை பண்ணலாமாம்மா? அதுவும் நம்ம ஊருல, தண்ணியில போயி..."

"எம்புட்டு நாளா ஊத்துறீக?"

"மொத நாளு நீங்க சொன்னபடிதான் ஊத்துனேன். மனசு கேக்கல."

ஆக, ஆறு வாரம் உழைத்து நான் கண்டுபிடித்தது என்ன? ஒரே தண்ணீரைக் குடிக்கும் எலிகளுக்கு யூரிக் ஆசிட் ஒரே மாதிரி இருக்கும். அடேயப்பா!

பாக்கியக்காவைத் திட்ட வாய் வரவில்லை. லேபிளைச் சரியாகத்தானே படித்தார்? எதற்காக இரண்டு தண்ணீர் என்று அவரிடம் ஒரு வார்த்தை விளக்க வேண்டும் என்பதுதான், இத்தனை படித்த எனக்குத் தோன்றவில்லை.

என் வழிகாட்டியான மேடத்திடம் அன்றே சொல்லிவிட்டேன். ஆறு வாரம் போனது போனதுதான். கஷ்டம் அதில் இல்லை... வீட்டில்! உண்மையைச் சொன்னால் அப்பா மாத்திரையை நிறுத்திவிடுவாரே? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நல்லதற்குத்தானே?

பஸ் வீடு வந்து சேரும்வரை இதே யோசனை. கேன்காரர் மேல் எனக்கு என்ன கோபம்? தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னார் என்பதுதானே?

சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்தத் தண்ணி கேக்குமா, கேக்காதா தாயி?" என்றார் அப்பா.

"தெரியலப்பா."

அத்தை விடுவாரா? "தெரியலன்னு சொல்லவா இம்புட்டு வருசம் படிச்ச?"

அப்பா தன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தார். "கேன் போடுறவன் ஒரு நாளும் தெரியலன்னு சொன்னதில்லையேக்கா" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தார்.

மாத்திரையை விழுங்க அவர் ஊற்றிக்கொண்டது அந்த மினரல் தண்ணீரைத்தான். அது வேறு விஷயம்.

மறுபடி செய்ய விலங்கு ஆய்வுக் கமிட்டியின் அனுமதி கிடைத்துவிட்டது. புது எலிகளோடு திங்கட்கிழமை தொடங்கியும்விட்டேன். எதற்கு இந்த வஞ்சனை என்று இந்த முறை பாக்கியக்காவிடம் முதலிலேயே உட்கார்ந்து விளக்கியாயிற்று. மேடம் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில்களில் வெறும் எண்கள்தான். எந்த எண்ணில் எந்தத் தண்ணீர் என்ற பட்டியல் அவருடைய பீரோவுக்குள்.

"இதுல எதும்மா நல்ல தண்ணி?" என்று பாக்கியக்கா காதோரம் கேட்டார்.

"தெரியலக்கா" என்றேன், மிடுக்காக.