இரண்டு பேருக்கும் ஒரே வசனம்

எங்கள் விளாங்குடி வீட்டில் புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் யாரும் தோசைக்கல் பக்கம் போக முடியாது. முதலில் வாக்குத்தத்தச் சீட்டு எடுக்க வேண்டும். வேத வசனம் அச்சடித்த சின்ன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து, ஜெபம் பண்ணி, ஆளுக்கு ஒன்று எடுப்போம். வந்த வசனம்தான் அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு என்பது அம்மாவின் நம்பிக்கை. மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியாரான அப்பா அதைக் குலுக்கல் சீட்டு என்பார். வேதப் புத்தகத்தைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவதோடு சரி, அவர் அதைப் பிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. தள்ளிப்போட்டால் ஆபத்து, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அசையவில்லை. "ஆண்டவர் ஒரு வார்த்தை தரட்டும், அப்புறம் வாரேன்." அப்பா ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார், கோபப்பட்டார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. டிசம்பர் கடைசியில், வழக்கமில்லாத வழக்கமாக, அப்பா "இந்த வருசம் சீட்டை நானே வாங்கியாறேன்" என்று ஆரப்பாளையம் வரை போய்வந்தார்.

புத்தாண்டன்று அம்மா கண்ணை மூடி ஒரு சீட்டு எடுத்தார். பயப்படாமல் புறப்பட்டுப் போ, நான் கூடவே வருவேன் என்கிற அர்த்தத்தில் ஒரு வசனம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து நான் எடுத்தேன்.

"அம்மா, எனக்கும் அதேதான் வந்துருக்கு!"

அப்பா சட்டென்று எழுந்து சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனார். அது பேட்டரியில் ஓடுகிற கடிகாரம்.

அம்மா தட்டில் மிச்சமிருந்த சீட்டுகளில் ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்தார். தம்பி கை நீட்டியதும் தட்டைத் தூக்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். "ஒனக்குப் பெறகு எடுப்போம்டா." அப்புறம் மெதுவாகச் சொன்னார். "இந்த வசனத்தத் தேடி எடுக்க வேதத்த எம்புட்டு நேரம் புரட்டிருக்கணும்!"

"யாரு?" என்றார் அப்பா, திரும்பாமலே.

"கார்டு போட்டவுகதான். ஆஸ்பத்திரிக்கு எப்ப வரணும்னு கேட்டுட்டு வாங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கோயிலில் சாட்சி சொல்லும் நாளில், ஆண்டவர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வசனம் கொடுத்த அற்புதத்தை மைக் பிடித்துச் சொன்னேன். ஆண்கள் பக்கம் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பக்கம், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்த அம்மாவின் தோள் குலுங்கியது. இருவரும் உருகி ஜெபம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.