அசையாத வாய்

குடல்வால் ஒப்பரேசனுக்கு முன் மயக்க மருந்து டொக்டர் கேட்டார்: "அண்ணை, கிட்டடியில வயலுக்கு மருந்து அடிச்சனீங்களோ?"

அந்தக் கிழமை முழுக்கப் பரந்தன் வயலில் வெறும் மேலோடு பூச்சிமருந்து அடித்திருந்தேன். ஆனால், இனி அடிப்பதில்லை என்று அதற்கு முன்பே மனைவிக்குச் சத்தியம் செய்திருந்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். "இல்லை" என்றேன்.

ஒப்பரேசன் முடிந்து நினைவு திரும்பியபோது எல்லாம் கேட்டது. ஆனால் கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. மூச்சைக்கூட மெசின்தான் விட்டது.

"தசையை அசையாமல் வைக்கிற மருந்து குடுத்தனாங்கள். சில நிமிசத்தில விட்டிருக்கவேணும்," டொக்டர் மனைவியிடம் சொன்னார். "பூச்சிமருந்து உடம்பில இருந்தால் இப்பிடி இழுபடும். உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, அடிச்சவரோ?"

"இல்லை டொக்டர். எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தவர். அவர் பொய் சொல்லமாட்டார்."

உள்ளுக்குள் கத்தினேன். கண்ணோரம் கொஞ்சம் நனைந்தது. அதையும் அவள் துடைத்துவிட்டாள்.

பல மணி நேரத்துக்குப் பின் குழாயைக் கழற்றியதும் முதலில் அந்த உண்மையைத்தான் சொன்னேன். என் கையைப் பிடித்திருந்தவள் மெல்ல விட்டாள்.

இப்போதெல்லாம் நான் எதற்கு 'இல்லை' என்றாலும் அவள் ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் இன்னும் அசைய முடிவதில்லை.