பேனரில் எம்.ஏ. போட்டாயிற்று

இன்று திருப்பத்தூரிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில், எங்கள் ஊர் விழாக் கமிட்டித் தலைவர் என்னிடம் நன்கொடை ரசீதை நீட்டினார்.

"இன்னா விழாங்க?"

"நம்ம அலமேலுவுக்கு யுனிவர்சிட்டில எம்.ஏ. சீட்டு கெடச்சிருக்குல்ல. ஞாயித்துக்கெழம பாராட்டு விழா. மேடை, சீரியல் லைட்டு, கச்சேரி எல்லாம் சொல்லியாச்சு."

முன் சீட்டில் இருந்த அலமேலு திரும்பினாள். "மாமா, வெள்ளிக்கெழமக்குள்ள ஃபீஸ் கட்டலன்னா சீட்டே போய்டும். அந்தக் காசக் குடுத்தா சேர்ந்துடுவேன்."

"விழாக் காச வேற எதுக்கும் தொடக்கூடாதும்மா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சீட்டே இல்லன்னா எதுக்குங்க சால்வை?"

தலைவர் செல்போனில் பேனர் படத்தைக் காட்டினார். அலமேலுவின் பெயருக்குப் பின்னால் இப்போதே எம்.ஏ.! "பேனரு அடிச்சாச்சுப்பா. இனிமே நிறுத்த முடியாது."

என் நன்கொடையை அலமேலுவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். மீதி ஃபீஸுக்கு அந்த பேனரை வாங்கிக்கொள்வார்களா? யுனிவர்சிட்டியில் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.