நாடக ஆசிரியரின் பிறந்தநாளில் நூருன்னிஸா பேசியது

சிறப்பு விருந்தினர் வரமாட்டார் என்று போன் வந்தபோது காலை மணி பத்தே முக்கால். கூட்டம் பதினொன்றுக்கு. பெரம்பலூரிலிருந்து வரவேண்டிய பேராசிரியருக்குக் காய்ச்சல். உலகமே அறிந்த நாடக ஆசிரியரின் பிறந்தநாள் விழா அது. படத்துக்கு மாலை போட்டாயிற்று, வாசகர்கள் இருபது பேர் வந்தாயிற்று, மேலதிகாரியும் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நான் அப்போது நூலகர். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது.

"என்னம்மா, பேச ஆளே இல்லியா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு முடிச்சுக்குங்க. எனக்கு அரியலூர்ல வேற மீட்டிங் இருக்கு" என்றார் அதிகாரி.

வேலையை விட்டுவிட்டு வந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"சார், வந்திருக்கிறவங்க எல்லாம் நல்லாப் படிக்கிறவங்க. இப்ப என்ன படிக்கிறாங்கன்னு அவங்களே சொல்லட்டுமே. ஒரு அரை மணி நேரம் இருங்க" என்றேன். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

முதலில் எழுந்தவர் முருகேசன். ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறவர். கையில் தொல்லுயிர்கள் பற்றிய புத்தகம்.

"நாங்க வெட்டுற கல்லுல சிப்பி சிப்பியா இருக்கும். இது ஒரு காலத்துல கடலா இருந்த எடம்னு இதப் படிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டேன். இப்பல்லாம் லோடு ஏத்துறப்ப எறங்கி ஒருவாட்டி பாத்துட்டுத்தான் வண்டிய எடுக்குறேன்" என்றார்.

அதிகாரி போனைப் பைக்குள் வைத்தார்.

அடுத்து நூருன்னிஸா எழுந்தார். எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நாடகப் புத்தகங்களை மட்டுமே எடுப்பார். ஒரு தடவைகூட தேதிக்குள் திருப்பித் தந்ததில்லை. "படிக்காம பரண்ல போட்டு வச்சிருப்பீங்களா?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அன்று அவர் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"மேடம், இது நான் எனக்காகப் படிக்கல. எங்க மச்சான், அதான் என்னக் கட்டுனவங்க, துபாய்ல இருக்காங்க. அவங்களுக்கு எழுதப் படிக்க வராது. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனதும் போன்ல படிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புவேன். கதைன்னா கேக்கும்போதே தூங்கிடுறாங்க. நாடகம்னா ஆளுக்கொரு கொரல்ல பேசலாம்ல? ரூம்ல எட்டுப் பேரு, அத்தன பேரும் உக்காந்து கேக்குறாங்க. தெனமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் படிக்க முடியுது. அதான் லேட்டாயிடுது."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. சமாளித்துக்கொண்டு, "நேத்து அனுப்புனதை எங்களுக்கும் படிச்சுக் காட்டுவீங்களா?" என்றேன்.

அவர் கையில் இருந்தது அன்றைக்குப் படத்துக்கு மாலை போட்டிருந்த அந்த ஆசிரியரின் நாடகம்தான், தமிழ் மொழிபெயர்ப்பில். வீட்டுக்காரன், குடியிருப்பவன், வேலைக்காரி மூன்று பேருக்கும் ஒரு சாவிக்காகச் சண்டை. நூருன்னிஸா வீட்டுக்காரனுக்குக் குரலைக் கட்டையாக்கினார். குடியிருப்பவனுக்கு இழுத்து இழுத்துப் பேசினார். வேலைக்காரியாக அவர் வாயைத் திறந்ததும் முருகேசன் சிரித்த சிரிப்பில் மொத்த அறையும் சிரித்தது. பிறகு அதே வேலைக்காரி தன் ஊரை நினைத்துப் பேசும் இடம் வந்தது. யாரும் அசையவில்லை.

காட்சி முடிந்ததும் அதிகாரிதான் முதலில் கேட்டார்: "அந்த வேலைக்காரம்மா சாவியக் குடுத்தாங்களா இல்லியா?"

"இன்னிக்கி இங்க வந்துட்டேன். நாளைக்கித்தான் சார் படிக்கணும்."

அரியலூர் மீட்டிங் அவருக்கு மறந்தே போயிருந்தது. நான் எழுந்து, அந்த இருபது பேர் முன்னாலும் நூருன்னிஸாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுவாரம் அவர் தன் போனை என்னிடம் நீட்டினார். துபாயிலிருந்து அவர் கணவரின் குரல்: "அஸ்ஸலாமு அலைக்கும் மேடம். நாங்க எட்டுப் பேரும் ஒங்க லைப்ரரியில மெம்பருன்னு எழுதிக்குங்க."

பதிவேட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் என் முப்பது வருஷ வேலையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் உறுப்பினர்கள் அவர்கள்தான். இன்று நூலக மேஜை முன் உட்காரும் இளைய நூலகர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புத்தகம் ஏன் தாமதமானது என்று கேட்பதற்கு முன்னால், அதை யாருக்காக எடுத்துப் போகிறார்கள் என்று கேளுங்கள்.