அப்பாவின் தட்டு

எங்கள் வீட்டு ரேடியோ ஊமையானால் அப்பா அதன் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார், பெரும்பாலும் பேசிவிடும். காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் அந்தக் கைராசிக்குத் தனி மதிப்பு இருந்தது. சுதந்திர அறிவிப்பைக் கேட்க அக்கம்பக்கத்தாரை எல்லாம் அவர் அழைத்து முடித்த வாரத்தில், எத்தனை முறை தட்டியும் அது வாய் திறக்கவில்லை. பழுதுபார்ப்பவரோ கொண்டாட்டம் முடியட்டும் என்று கைவிரித்துவிட்டார்.

அந்தப் பள்ளி விடுமுறையோடு அக்காவின் படிப்பை நிறுத்திவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். அக்கா அழவில்லை, நேரம் பார்த்துக் கேட்டாள்.

"ரேடியோவ நான் பாட வெச்சா ஸ்கூலுக்குப் போலாமாப்பா?"

"மொதல்ல பாட வை லா, பாப்போம்," என்று சிரித்தார்.

பள்ளி நூலகத்தில் இரவல் பெற்ற தடித்த புத்தகத்தை விரித்து வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினாள். நான் கையை நீட்டினேன்.

"தொடாத! கரண்ட எடுத்தாலும் இந்தக் கண்டன்சர் உள்ளாற பிடிச்சு வெச்சிருக்கும்."

கருகிய ரெசிஸ்டர் ஒன்று அகப்பட்டது. அதன் அளவைச் சொல்லும் வண்ண வளையங்கள் மங்கலாகத் தெரிந்தன. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு நூல்களை அதே வரிசையில் ஒரு தீக்குச்சியில் சுற்றி, என்னை ஜாலான் பெண்டஹாரா தெருவில் இருந்த ரேடியோ சாமான் கடைக்கு அனுப்பினாள்.

"என்னா பாப்பா, சட்டை தைக்கவா, ரேடியோ தைக்கவா?" என்றார் கடைக்கார நானா. ஆனாலும் நூலைப் பார்த்தே சரியான சாமானை எடுத்துக் கொடுத்தார்.

அக்கா பற்றவைக்கும் கோலைக் கரியடுப்பில் காய்ச்சி, ஈயம் வைத்துப் புது ரெசிஸ்டரைப் பொருத்தினாள். அதுவும் புகைந்தது.

"போதும், விடு," என்றார் அப்பா.

அவள் விடவில்லை. மறுநாள் முழுவதும் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொடர்ந்து சென்று, மெழுகு உருகி வழிந்திருந்த ஒரு கண்டன்சரில் வந்து நின்றாள். "இதான் கெட்டுப்போயி கரண்ட மொத்தமா வுடுது. பாவம், அடி வாங்குனது ரெசிஸ்டரு." இரண்டையும் மாற்றினாள். அன்று மாலை ஒலியைக் குறைத்து, காதை ஒட்டிவைத்துக் கேட்டோம். பாடியது. "அப்பாகிட்ட சொல்லாத," என்றாள்.

சுதந்திர நாள் காலையில் கூடம் நிறைந்திருந்தது. அக்கா குமிழைத் திருகிவிட்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே வால்வுகள் சூடேறி ஒலி வரச் சற்று நேரம் பிடிக்கும். அப்பாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. எல்லாரும் பார்க்க ஓங்கித் தட்டினார். மறுகணம், "மெர்டேக்கா!" என்ற சுதந்திர முழக்கம் கூடத்தை நிறைத்தது.

"கைராசின்னா இதான்யா!" என்றது கூட்டம். நான் வாய் திறந்தேன். அக்கா என் கையை அழுத்தினாள். ரேடியோவின் மேலிருந்த கையை எடுக்காமலே அப்பா அவளை ஒருமுறை பார்த்தார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அப்பா தம் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். "மழை வரும்போல. சீக்கிரம் கெளம்பு, நான் கொண்டுபோய் வுடுறேன்," என்றார் அக்காவிடம்.

அவள் உழைப்பின் பெருமையை அவர் தட்டிப் பறித்துக்கொண்டதாக நான் வெகுநாள் கோபமாக இருந்தேன். கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல், அவர் கை வீசுவதற்கு இடம்விட்டு அக்கா ஏன் ஒதுங்கி நின்றாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.