இரண்டு பாதங்களுக்கு நடுவே

மெர்டேக்கா எனும் மலேசியச் சுதந்திர தினக் கொண்டாட்டத்து மரம் வெட்டும் போட்டிக்காக என் கணவரின் கனத்த கோடரியை நான்தான் தீட்டினேன். நான் கொல்லர் வீட்டுப் பெண். அலகின் இரு பக்கத்தையும் அரத்தால் ராவி மெலிதாக்கி, கை ரோமத்தை மழிக்கிற அளவுக்குக் கூர் வைத்தேன். பெருமை தாங்கவில்லை.

காஜா பெராங் திடலில் அவர் கிடத்தியிருந்த கட்டைமேல் ஏறி நின்று, தன் பாதங்களுக்கு நடுவே ஓங்கி வெட்டினார். கூருக்கு மரமும் காலும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இடையில் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கை தளர்ந்து, தோற்றுப்போனார்.

"ஏங்க மெதுவா வெட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"உன் மூஞ்சியப் பார்த்தேன்லா. அப்புறம் கை ஓடல."

அடுத்த வருடமும் அதே கூர் வைத்துக் கொடுத்தேன். திடலுக்கு மட்டும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன், வாசலில் அவருடைய இரண்டு செருப்பின் சத்தமும் கேட்கும்வரை.